தலைப்புப் பட்டையில் தமிழ்: வரைகலைச் சாளர உருவாக்க வரலாற்றில் ஒரு மொழியின் இடம்

முன்னுரை

கணினித் தமிழின் வரலாறு பெரும்பாலும் விசைப்பலகை, எழுத்துரு, குறியாக்கம் என்னும் மூன்று தலைப்புகளின்கீழ் எழுதப்பட்டு வந்துள்ளது. இம்மூன்றும் ஒருங்கே சோதனைக்கு உள்ளாகும் இடம் ஒன்று உண்டு. அது, திரையில் தோன்றும் ஒவ்வொரு சாளரத்தின் மேல்விளிம்பிலும் அமைந்துள்ள தலைப்புப் பட்டை. ஒரு செயலி தன் பெயரை உலகுக்கு அறிவிக்கும் இடம் அதுவே. நிரலாளர் ஒரு சாளரத்தை உருவாக்கும்போது இடும் முதற்கட்டளைகளுள் தலைப்பை அமைப்பதும் ஒன்று. அளவு, இருப்பிடம், தோற்றம் ஆகியவை அதனைத் தொடர்கின்றன.

1990களில் தமிழ்ச் சொல்லாளர்கள் பல வழக்கில் இருந்தன. அவற்றின் சாளரங்களுக்குள் தமிழ் அழகாகத் தோன்றியது. ஆயினும் அதே சாளரங்களின் தலைப்புப் பட்டையில் ஆங்கிலமோ பொருளற்ற குறிகளோ இருந்தன. இந்த முரண்பாடு தற்செயலானதன்று. தமிழ் கணினிக்குள் எந்த வாயில் வழியாக நுழைந்தது, எந்த வாயில் அதற்கு அடைபட்டிருந்தது என்பதை அது காட்டுகிறது. வரைகலை இடைமுகக் கருவிப்பெட்டிகளில் சாளரம் உருவாக்கப்படும் முறையை அடிப்படையாகக் கொண்டு அவ்வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். புலம்பெயர் தமிழர் செறிந்து வாழும் இலண்டன் புறநகரான கிங்ஸ்பரியின் பெயர் இதில் எடுத்துக்காட்டாகவும் களமாகவும் கொள்ளப்படுகிறது.

1. சொல்லும் பொருளும்

தமிழில் இப்பொருளைக் குறிக்கச் சொற்கள் பல உள. இன்றைய பேச்சுவழக்கில் உள்ள 'சன்னல்', ஈழவழக்கில் 'யன்னல்', போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. 'காலதர்', 'சாளரம்' ஆகிய இரண்டும் சிலப்பதிகாரத்திலேயே பயின்று வருவன. 'பலகணி' பல கண்களை உடையது என்னும் பொருளில் அமைந்தது. இவற்றுள் 'காலதர்' கருதத்தக்கது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலத்தின் 'விண்டோ' என்னும் சொல்லும் பழைய நோர்சு மொழியில் 'காற்றுக்கண்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்தே தோன்றியது. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே கட்டட உறுப்பை ஒரே வகையில் எண்ணிப் பெயரிட்டுள்ளன.

கணினித் துறையில் நிலைபெற்ற சொல் 'சாளரம்'. கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கத்திலும் வணிக மென்பொருள்களின் தமிழ் இடைமுகத்திலும் அதுவே ஆளப்படுகிறது. பழஞ்சொல் ஒன்று புதுப்பொருளை ஏற்று மீண்டும் நடமாடத் தொடங்கியமைக்கு இது நல்ல சான்று. ஆனால் சொல் கிடைத்த காலத்திலேயே அச்சொல்லைச் சாளரத்தின் தலையில் எழுத முடிந்ததா என்பது வேறொரு கேள்வி.

2. சாளரத்தின் இரு உரிமையாளர்கள்

1968 டிசம்பர் 9ஆம் நாள் தக்ளசு எங்கல்பார்ட்டு நிகழ்த்திய செயல்விளக்கத்தில் திரையைப் பகுத்துப் பயன்படுத்தும் எண்ணம் பொதுமன்றத்தில் வெளிப்பட்டது. செராக்சு நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973இல் உருவான ஆல்டோ கணினியும், 1981இல் சந்தைக்கு வந்த ஸ்டார் கணினியும் அதனை வளர்த்தெடுத்தன. ஆப்பிளின் மெக்கின்டோசு 1984இலும் மைக்ரோசாப்டின் முதல் விண்டோஸ் 1985இலும் வெளிவந்தன. மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் தொடங்கிய எக்ஸ் சாளர முறைமையின் 11ஆம் பதிப்பு 1987இல் வெளியாயிற்று. யுனிக்சு, லினக்சு உலகின் சாளரங்கள் நெடுங்காலம் அதன்மீதே நின்றன.

இம்முறைமைகள் யாவற்றிலும் பொதுவான கூறு ஒன்றுண்டு. சாளரம் என்பது ஒரே பொருள்போலத் தோன்றினும் அதற்கு உரிமையாளர் இருவர். உள்ளடக்கப் பகுதி செயலிக்கு உரியது. அங்கே எதை வரைவது, எந்த எழுத்துருவில் வரைவது என்பதைச் செயலியே முடிவு செய்யும். தலைப்புப் பட்டை, விளிம்பு, மூடும் பொத்தான் ஆகியவை அடங்கிய சட்டகம் இயங்குதளத்துக்கோ சாளர மேலாளருக்கோ உரியது. செயலி தலைப்பை வரைவதில்லை. தலைப்பு இன்னது என்று ஓர் எழுத்துச்சரத்தை ஒப்படைக்கிறது. வரைவது மற்றவர் பணி.

விண்டோஸில் நிரலாளர் முதலில் சாளர வகுப்பொன்றைப் பதிவு செய்கிறார். பின்னர்ச் சாளரத்தை உருவாக்கும் சார்பை அழைத்து, வகுப்பின் பெயர், தலைப்பு, பாணி, கிடைநிலை, குத்துநிலை, அகலம், உயரம் முதலியவற்றை அளிக்கிறார். அடுத்து அச்சாளரம் காட்டப்பட்டு, செய்திச் சுழற்சி தொடங்குகிறது. எக்ஸ் முறைமையில் சாளரம் உருவாக்கப்பட்ட பின், தலைப்பு அதன்மீது ஒரு பண்பாகப் பதிக்கப்படுகிறது. தனியே இயங்கும் சாளர மேலாளர் அப்பண்பைப் படித்துப் பட்டையில் எழுதுகிறது. கருவிப்பெட்டிகள் இந்நீண்ட வரிசையைச் சில வரிகளாகச் சுருக்கித் தந்தன. பெர்க்லியில் ஜான் ஊஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே கருவிப்பெட்டியில் தலைப்புக்கு ஒரு கட்டளை, அளவுக்கும் இருப்பிடத்துக்கும் ஒரு கட்டளை என்னும் அளவில் அது எளிதாயிற்று.

ஒப்படைப்பு நிகழும் இடத்தில்தான் மொழிச்சிக்கல் பிறக்கிறது. ஒப்படைப்பவர் எந்தக் குறியாக்கத்தில் எழுதினார், பெறுபவர் எந்தக் குறியாக்கத்தில் படிக்கிறார் என்பதில் இருவரும் உடன்பட்டிருக்க வேண்டும். 1990களில் தமிழுக்கு அவ்வுடன்பாடு இல்லை.

3. உள்ளே தமிழ், வெளியே கூளம்

தமிழ்க் கணினியின் முதல் தலைமுறை எழுத்துருக்கள் ஓர் உத்தியின்மீது நின்றன. கணினி உரோமன் எழுத்தைச் சேமிப்பதாகவே எண்ணும். எழுத்துரு மட்டும் அவ்விடத்தில் தமிழ் வடிவத்தை வரையும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசும், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாக வழங்கிய மயிலையும், ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினியும் இக்காலத்தின் அடையாளங்கள். பாமினியில் 'தமிழ்' என்னும் சொல் கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து உரோமன் குறிகளாகவே கிடந்தது. எழுத்துருவை நீக்கினால் தமிழும் நீங்கிவிடும்.

உள்ளடக்கப் பகுதியில் எழுத்துருவைத் தெரிவு செய்யும் உரிமை செயலிக்கு இருந்தமையால் அங்கே உத்தி பலித்தது. சட்டகத்தின் எழுத்துரு செயலியின் கையில் இல்லை. ஆதலால் 'தமிழ்' என்று பெயரிட்டுச் சேமித்த கோப்பு, உள்ளே தமிழாகவும் தலைப்புப் பட்டையில் மேற்சொன்ன ஐந்து உரோமன் குறிகளாகவும் தோன்றியது. புலம்பெயர் நாடுகளின் தமிழ்ப் பத்திரிகைகளும் சங்கங்களும் தம் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயரிடும் வழக்கம் இவ்வாறே வேரூன்றிற்று. அவ்வழக்கம் தொழில்நுட்பத் தடை நீங்கிய பின்னும் நீடிக்கிறது.

1990களின் இறுதியில் மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடலில் உருவான திஸ்கி குறியாக்கம் இந்நிலையை ஓரளவு மாற்றிற்று. அது 128க்குக் கீழ்ப்பட்ட இடங்களை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டு, மேற்பாதியில் தமிழை வைத்தது. இதனால் ஒரே எழுத்துருவில் இருமொழியும் இயன்றன. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் பயனர் தம் திரை அமைப்பில் தலைப்புப் பட்டையின் எழுத்துருவைத் திஸ்கி எழுத்துருவாக மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆங்கிலத் தலைப்புகள் கெடாமல் நிற்க, தமிழ்த் தலைப்புகளும் தோன்றின. எனினும் இது அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரிய தீர்வு. அடுத்த மேசையில் அதே தலைப்பு உச்சரிப்புக் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளின் கூளமாகக் காட்சியளித்தது. மேலும், 173ஆம் இடத்தில் வைக்கப்பட்ட 'இ' எழுத்து, அவ்விடத்தை மென்கோடாகக் கருதிய மென்பொருள்களில் மறைந்தது. பின்னர் அதற்கு 254ஆம் இடமும் ஒதுக்கப்பட்டது. ஓர் உயிரெழுத்து இடம்பெயர வேண்டியிருந்தமை, பிறர்க்கென வகுத்த கட்டத்துக்குள் குடியிருப்பதன் விலையைக் காட்டுகிறது.

சிங்கப்பூரில் 1997இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் கூடிய தமிழ்நெட் மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடும் தரப்பாட்டை நோக்கிய படிகள். சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் டேம், டேப் குறியாக்கங்களும் வந்தன. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றிற்று. ஆயின் இக்குறியாக்கங்கள் எவையும் இயங்குதளத்தின் ஒப்படைப்பு விதிகளுக்குள் நுழையவில்லை. எக்ஸ் முறைமையின் பழைய மரபுப்படி சாளரத் தலைப்பு மேலை ஐரோப்பிய எழுத்துத் தொகுதியிலோ, பல எழுத்துத் தொகுதிகளை இணைக்கும் கூட்டுவடிவிலோ அமையலாம். அக்கூட்டுவடிவின் பட்டியலிலும் தமிழ் இல்லை.

4. வினாக்குறிகளின் காலம்

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இந்தியத் தர நிறுவனத்தின் இஸ்கி குறியாக்கத்தை அடியொற்றி, 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டன. இடம் ஒதுக்கப்பட்டமைக்கும் அவ்விடத்திலிருந்து தமிழ் திரையில் எழுந்து வந்தமைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு பத்தாண்டு கழிந்தது.

விண்டோஸ் முறைமையில் சாளரத்தை உருவாக்கும் சார்பு இரட்டைப் பிறவி. ஒன்று வட்டார எழுத்துப் பக்கத்தின் வழியாகத் தலைப்பைப் பெறும். மற்றொன்று ஒருங்குறி வழியாகப் பெறும். 1993இல் வந்த விண்டோஸ் என்.டி. வரிசையில் இரண்டாவது முழுமையாக இயங்கிற்று. இல்லங்களிலும் சிறு அலுவலகங்களிலும் பரவிய விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் அது பெரும்பாலும் பெயரளவுக்கே இருந்தது. ஆகவே பரவலான மென்பொருள்கள் யாவும் முதல் வழியையே நாடின. சீனம், அரபு, தாய் முதலிய மொழிகளுக்கு வட்டார எழுத்துப் பக்கங்கள் இருந்தன. தமிழுக்கு அப்படியொரு பக்கம் வகுக்கப்படவேயில்லை. தமிழ் ஒருங்குறி வழியாக மட்டுமே விண்டோஸுக்குள் வந்த மொழி.

2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000, லதா எழுத்துருவையும் யுனிஸ்கிரைப் என்னும் எழுத்தமைப்பு எந்திரத்தையும் கொண்டிருந்தது. தமிழ் இயங்குதளத்தின் அங்கமாயிற்று. ஆயினும் அதே காலத்தில் சிறு வணிகச் செயலிகள் பலவும் எழுதப்பட்ட விசுவல் பேசிக் 6, உள்ளுக்குள் ஒருங்குறியைப் பயன்படுத்திய போதிலும் சாளரத்தையும் அதன் உறுப்புகளையும் முதல் வழியிலேயே படைத்தது. தமிழெழுத்தை மாற்றிவைக்க எழுத்துப் பக்கம் இல்லாமையால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வினாக்குறி நின்றது. 'கிங்ஸ்பரி' என்று தலைப்பிட்டால் பட்டையில் ஒன்பது வினாக்குறிகள் தோன்றும். பிறமொழியினர் தம் கணினியின் வட்டார அமைப்பை மாற்றி இச்சிக்கலைத் தீர்த்துக்கொள்ளலாம். எழுத்துப் பக்கம் அற்ற தமிழருக்கு அவ்வழியும் இல்லை.

முந்திய காலத்துக் கூளத்துக்கும் இவ்வினாக்குறிகளுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. கூளத்தில் தரவு அழியவில்லை. உரிய எழுத்துருவை இட்டால் தமிழ் மீண்டும் தோன்றும். வினாக்குறியாக மாறிய எழுத்தோ திரும்பி வராது. ஒப்படைப்பின்போதே அது அழிந்துவிட்டது. புலம்பெயர் சமூகத்தின் சங்கப் பதிவேடுகளையும் உறுப்பினர் பட்டியல்களையும் பேணும் ஆவணக் காப்பாளர்கள் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது. பாமினிக் கோப்பு மீட்கத்தக்கது. வினாக்குறியாகச் சேமிக்கப்பட்ட பெயர் மீட்க இயலாதது.

5. கருவிப்பெட்டிகள் தமிழ் கற்ற வரலாறு

லினக்சு உலகில் இம்மாற்றம் வேறு வழியில் நிகழ்ந்தது. 1994இல் நோர்வேயில் தொடங்கப்பட்ட டிரோல்டெக் நிறுவனத்தின் க்யூட்டி கருவிப்பெட்டி, 1999இல் வந்த 2ஆம் பதிப்பில் ஒருங்குறியைத் தன் அடிப்படையாக்கிக்கொண்டது. 1996இல் மத்தியாசு எட்ரிக் தொடங்கிய கேடிஈ பணிச்சூழல் அதன்மீது கட்டப்பட்டது. க்யூட்டியின் 3ஆம் பதிப்பு வரிசையில் திஸ்கியையும் ஒருங்குறியையும் தம்முள் மாற்றும் கூறு ஒன்று இணைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதியை எழுதியவர் ஹான்சு பெட்டர் பீக்கர் என்று அதன் ஆவணம் கூறுகிறது. தமிழரின் தன்னார்வக் குழுக்கள் வகுத்த ஒரு குறியாக்கம் ஐரோப்பியக் கருவிப்பெட்டியின் உள்ளுறுப்பாயிற்று என்பது தமிழ்க் கணினி வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி.

ஜிடிகே கருவிப்பெட்டி கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் இருவர் எழுதிய படத்தொகுப்புச் செயலி ஒன்றிலிருந்து பிரிந்து வளர்ந்தது. 2002இல் வெளியான அதன் 2ஆம் பதிப்பு, பாங்கோ என்னும் எழுத்தமைப்பு நூலகத்தைத் தன்னகத்தே கொண்டது. அந்நூலகத்தின் பெயர், அனைத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் மொழியைக் குறிக்கும் சப்பானியச் சொல்லையும் இணைத்து அமைந்தது. சாளரத் தலைப்பு ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவிலேயே ஒப்படைக்கப்பட வேண்டும் என்னும் விரிவான மரபு ஒன்றும் அக்காலத்தில் சாளர மேலாளர்களிடையே ஏற்கப்பட்டது. ஒப்படைப்பவரும் பெறுபவரும் இறுதியாக உடன்பட்டனர்.

உடன்பாட்டுக்குப் பின்னும் எழுத்தமைப்பு என்னும் பணி எஞ்சியிருந்தது. 'கொ' என்னும் உயிர்மெய் ஒருங்குறியில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாக ஒலி வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். திஸ்கியில் கொம்பு முன்னரே சேமிக்கப்பட்டமையால் எந்திரம் தேவைப்படவில்லை. ஒருங்குறியில் அது தேவைப்பட்டது. ஒலி வரிசை, தேடலுக்கும் அகரவரிசைக்கும் இலக்கண ஆய்வுக்கும் உகந்தது. காட்சி வரிசை, வரைவதற்கு எளியது. தமிழ் முதலாவதைத் தெரிந்துகொண்டபோது, எழுத்தமைப்பு எந்திரம் இல்லாத கருவிப்பெட்டிகளின் வாயில் தனக்கு அடைபடும் என்னும் விலையையும் ஏற்றுக்கொண்டது.

அவ்விலையைத் தெளிவாகக் காட்டுவது டிகே. 1999இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து அது ஒருங்குறியை ஏற்றது. விண்டோஸில் இயங்குதளத்தின் எந்திரமே எழுத்தை அமைத்துக் கொடுப்பதால் அங்கே தமிழ் ஒழுங்காகத் தோன்றுகிறது. எக்ஸ் முறைமையின் மீது இயங்கும் 8ஆம் பதிப்பு வரிசையில் எழுத்தமைப்பு எந்திரம் இல்லை. அதனால் சாளரத்தின் உள்ளே உள்ள பொத்தான்களிலும் பெயர்ச்சீட்டுகளிலும் கொம்பு இடம் மாறி நிற்கிறது. ஆனால் தலைப்புப் பட்டையைச் சாளர மேலாளர் பாங்கோவின் துணையுடன் வரைவதால் அங்கே தமிழ் பிழையின்றித் தோன்றுகிறது. 1995இல் உள்ளே தமிழும் மேலே கூளமுமாக இருந்த நிலை, பின்னர் ஒரு கருவிப்பெட்டியில் முற்றிலும் தலைகீழாயிற்று. சாளரத்துக்கு உரிமையாளர் இருவர் என்னும் உண்மை மாறவில்லை. அவர்களுள் தமிழ் அறிந்தவர் யார் என்பதே மாறிற்று.

6. அளவு, உருபு, வெட்டு

சாளரத்தை அமைத்தல் என்பது தலைப்பிடுவதோடு முடிவதில்லை. அகலம், உயரம், இருப்பிடம், சுருக்கவும் விரிக்கவும் இசைவு ஆகியவற்றையும் நிரலாளர் வரையறுக்கிறார். ஆங்கிலச் சொற்களை அளந்து வகுத்த சாளரத்தில் தமிழ் இடமின்றித் தவிக்கும். தமிழெழுத்துகளுள் பல அகலமானவை. மேல்விலங்கும் புள்ளியும் கீழ்நோக்கி நீளும் உகர ஊகார வடிவங்களும் உயரத்தையும் கோருவன. உறுப்புகளை நிலையான ஆயங்களில் வைக்கும் பழைய முறையில் சொற்கள் பாதியில் அறுபட்டன. டிகே, க்யூட்டி, ஜிடிகே ஆகியவை உள்ளடக்கத்தின் அளவை அறிந்து இடத்தைப் பங்கிடும் முறையைக் கையாண்டன. தமிழாக்கம் இக்கருவிப்பெட்டிகளில் எளிதாக வேரூன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இலக்கணச் சிக்கல் இதனினும் நுண்ணியது. கோப்பின் பெயரை இடையில் செருகி ஒரு தொடரை ஆக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் எளிது. அங்கே பெயர்ச்சொல் உருமாறாது. தமிழில் 'சாளரம்' ஐயுருபு ஏற்கும்போது 'சாளரத்தை' ஆகிறது. 'கோப்பு' 'கோப்பை' ஆகிறது. செருகப்படும் பெயர் எதுவென்று முன்னரே தெரியாத நிலையில் உருபைப் புணர்ச்சி விதிப்படி இணைக்க இயலாது. தொடக்ககாலத் தமிழாக்கங்களில் பெயரும் ஐகாரமும் இடைவெளிவிட்டுத் தனித்து நின்ற காட்சி இதன் விளைவு. தமிழாக்கக் குழுக்கள் இதற்குக் கண்ட தீர்வு, பெயரை மேற்கோளுக்குள் நிறுத்தி, 'என்பதை', 'என்பதில்', 'என்பதற்கு' எனத் தொடர்வது. உரையாசிரியர்கள் ஒரு சொல்லை எடுத்துக்காட்டும்போது கையாண்ட 'என்பது' மரபே நிரலாக்கத்தின் தேவைக்குக் கைகொடுத்தது. வேற்றுமையைப் பெயரிலிருந்து பிரித்து இடைநிலைச் சொல்லொன்றில் ஏற்றும் இவ்வழி, தமிழ் இலக்கணத்துக்கு உள்ளிருந்தே எடுக்கப்பட்டது.

மூன்றாவது, வெட்டு. சாளரம் குறுகும்போது நீண்ட தலைப்பு இடையில் வெட்டப்படுகிறது. 'கிங்ஸ்பரி' என்பதை ஒரு தமிழாசிரியர் ஐந்து எழுத்தாக எண்ணுவார். ஆங்கிலத்தில் அவ்வூர்ப் பெயர் ஒன்பது எழுத்து. ஒருங்குறியிலும் தமிழ் வடிவத்துக்கு ஒன்பது குறிகளே ஆகின்றன. ஆயினும் யுடிஎஃப்-8 வடிவில் ஆங்கிலத்துக்கு 9 பைட்டும் தமிழுக்கு 27 பைட்டும் தேவை. பைட்டுகளை எண்ணி வெட்டும் நிரல், தமிழ்த் தலைப்பை மூன்றில் ஒரு பங்கிலேயே நிறுத்திவிடும்; எழுத்தின் நடுவே வெட்டிச் சிதைக்கவும் கூடும். குறிகளை எண்ணி வெட்டும் நிரல் 'கி'யை 'க' ஆக்கும். எழுத்தை எழுத்தாக எண்ணும் நூலகமே 'கி'யைக் காக்கும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்ட இலக்கண மரபின் கணக்கே பயனரின் கண்ணுக்கும் பொருந்துவது.

7. கிங்ஸ்பரி

கிங்ஸ்பரி வடமேற்கு இலண்டனில் பிரென்ட் நகராட்சிப் பகுதியில் அமைந்தது. 1932இல் அங்கே தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது. திரையின் வரலாற்றில் அதற்கு முன்னரே அவ்வூருக்கு இடம் கிடைத்துவிட்டது. தொலைக்காட்சி முன்னோடி ஜான் லோகி பெயர்டு, ரோ கிரீன் பூங்காவிலுள்ள கிங்ஸ்பரி மனோர் வளாகத்தில் நிறுவிய நிலையத்தில் 1929இல் பெர்லினிலிருந்து அனுப்பப்பட்ட தொலைக்காட்சிக் குறிகைகள் பெறப்பட்டன. தொலைவிலுள்ளதை ஒரு சிறு சட்டகத்துள் காணும் அவா இவ்வூரில் நூற்றாண்டுப் பழமை உடையது.

1983க்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாக இலண்டனுக்குப் புலம்பெயர்ந்தனர். பிரென்ட், ஹரோ பகுதிகள் அவர்களின் வாழிடங்களாயின. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 1,01,000 பேர் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தனர். இச்சமூகத்தின் முதல் தலைமுறை பாமினியில் அறிவித்தல்களையும் மலர்களையும் அச்சிட்டது. அடுத்த தலைமுறை வேறோர் இடத்தில் நிற்கிறது. 2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்தின் தேசியக் கலைத்திட்டத்தில் கணிமைப் பாடம் இடம்பெற்றது. இடைநிலை மாணவர் இரண்டு நிரல்மொழிகளையேனும் கற்க வேண்டும். அவற்றுள் ஒன்று எழுத்துவழி மொழியாக இருக்க வேண்டும். அத்தேவையை நிறைவு செய்யப் பள்ளிகள் பரவலாக நாடும் பைத்தான் மொழியுடன் டிகே கருவிப்பெட்டி இணைந்தே வருகிறது.

ஆகவே கிங்ஸ்பரியில் வளரும் தமிழ்ச் சிறுவர் பலருக்கு, தாமே படைத்து அளவிட்டுத் தலைப்பிடும் முதற்சாளரம் டிகே சாளரமாக அமையும் வாய்ப்பு மிகுதி. 2008இல் வெளிவந்த பைத்தான் 3இல் மாறிகளின் பெயரையும் தமிழில் எழுதலாம். 'சாளரம்' என்னும் பெயருடைய மாறி ஒன்றைப் படைத்து அதன் தலைப்பைத் தமிழில் இட எவ்வகைத் தனி எழுத்துருவும் வேண்டியதில்லை. முத்தையா அண்ணாமலை பைத்தானில் கட்டிய எழில் மொழி இதற்கும் ஒரு படி மேற்சென்று, கட்டளைச் சொற்களையே தமிழாக்கிற்று. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்தும் வார நாட்பள்ளியில் கற்ற நிரலும் ஒரு வரியில் சந்திக்க இன்று தடையில்லை. தடை இல்லாமையும் சந்திப்பு நிகழ்தலும் ஒன்றல்ல. இரு பள்ளிகளின் பாடத்திட்டங்களும் ஒன்றையொன்று அறியாதவரை அச்சிறுவர் தம் சாளரத்துக்கு ஆங்கிலத்திலேயே பெயரிடுவர்.

தலைப்புப் பட்டை வெறும் அணி அன்று. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முதலில் ஒலிப்பது அதன் தலைப்பையே. வினாக்குறிகளாலான தலைப்பு அவர்களுக்குப் பெயரற்ற வாயில். முதுமையில் ஆங்கிலம் தளர்ந்து தாய்மொழியே எஞ்சும் புலம்பெயர் பெற்றோர்க்கும் இது பொருந்தும்.

முடிவுரை

தமிழ் சாளரத்தின் உள்ளடக்கத்தில் எழுத்துருவின் துணையால் நுழைந்தது. தலைப்பில் குறியாக்க உடன்பாட்டால் மட்டுமே நுழைய முடிந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான கால இடைவெளி, ஒரு மொழி பிறர் மனையில் விருந்தாக இருந்ததற்கும் தன் பெயரில் குடியேறியதற்கும் இடையிலான தொலைவு.

இப்பாடம் பழங்கதையன்று. 2010 சூனில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ்16 குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டது. இலக்கணக் கணக்குக்கு டேஸ்16 நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியின் எழுத்தை எல்லா இயங்குதளங்களும் தமிழென அறியும் என்னும் உறுதி இல்லை. அச்சகத்தினுள் அது பயன் தரலாம். பிறர் வரையும் தலைப்புப் பட்டையில் பழைய கூளத்தையே மீண்டும் தோற்றுவிக்கும்.

சட்டகத்தின் உரிமையும் மீண்டும் கைமாறுகிறது. 2013 முதல் ஜிடிகே செயலிகள் பல, தலைப்புப் பட்டையைத் தாமே வரையத் தொடங்கியுள்ளன. ஒப்படைப்பின் எல்லை இவ்வாறு நகரும் ஒவ்வொரு முறையும், புதிய உரிமையாளருக்குத் தமிழ் தெரியுமா என்னும் கேள்வி மீண்டும் எழும். அக்கேள்வியைக் கருவிப்பெட்டிகள் உருவாகும் காலத்திலேயே எழுப்பத்தக்க நிரலாளரும் இலக்கண அறிஞரும் ஒரே அவையில் அமர்வது தமிழாய்வின் கடமைகளுள் ஒன்றாகும். பத்தாண்டுக் காலம் வினாக்குறிகளாக நின்ற மொழிக்கு அக்கடமையின் அருமை தெரியும்.